நரம்பும் குரலும்

விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் மூன்று உள்ளன. இரும்பை மாகாளம் ஒன்று. ஒழுந்தியாப்பட்டு என இந்நாளில் வழங்கும் அரசிலி மற்றொன்று. சங்கராபரணி ஆற்றின் கரையிலுள்ள திருவக்கரை இன்னொன்று. இம்மூன்றையும் பாடியவர் திருஞானசம்பந்தர். அவர் பாடிய பதிகங்களை யாழில் இட்டு வாசித்து, அவரைப் பிரியாது உடன் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்று சேக்கிழார் கூறுகின்றார். ஆதலின், ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வூர்க் கோயில்களின் முன்றிலில் யாழொலி எழுந்திருத்தல் வேண்டும்.

இன்று அதே வட்டத்தில் கேட்கும் நரம்புக் கருவி வேறு. 1968ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் இவ்வட்டத்துச் சிற்றூர்களை அடுத்து ஆரோவில் நகருக்கு அடிக்கல் இடப்பெற்றது. பல நாட்டு மக்கள் வந்து உறையும் அவ்விடத்திலிருந்து கிட்டார் ஒலி வேலி கடந்து நம் ஊர்களுக்கும் வந்தது. இப்பொழுது மாணவர் பலர் அக்கருவியை வாங்கிப் பயில்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் விரும்புவது பாட்டிற்குத் துணையாக நரம்புகளைச் சேர்த்து மீட்டுவதன்று. பாட்டு நின்ற இடத்தில் கருவி தனித்து நின்று பேசும் ‘தனி வாசிப்பு’ ஒன்றையே அவர்கள் பெரிதும் விரும்புகின்றனர். விரல்கள் விரைந்து ஓடும் அக்காட்சி இளைஞர் உள்ளத்தைக் கவர்வது இயல்பே.

யான் கிட்டார் பயின்றவன் அல்லேன். வீணையும் நாகசுரமும் கேட்டு வளர்ந்தவன். எனினும், நரம்புக் கருவியில் தனித்து வாசிக்கும் கலைக்குத் தமிழில் நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவன் கிட்டாரை எடுப்பானாயின், அவன் கற்கும் முறையே வேறாகும்.

யாழ்ப்பாணர் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. சம்பந்தரும் அவரும் திருதருமபுரத்தை அடைந்தபொழுது, அங்கு வாழ்ந்த பாணரின் தாய்வழிச் சுற்றத்தார், “நீர் யாழில் இட்டு வாசிப்பதனாலன்றோ பிள்ளையாரின் பதிகங்கள் உலகிற் பரவுகின்றன!” என்று பாராட்டினர். அச்சொல் பாணரின் உள்ளத்தைச் சுட்டது. அவர் சம்பந்தரை வணங்கி, யாழில் அடங்காத இசையமைந்த பதிகம் ஒன்றைப் பாடியருள வேண்டினார். சம்பந்தரும் பாடினார். பாணர் அதனை யாழில் இட முயன்றார். நரம்பு இடம் கொடுக்கவில்லை. இக்கருவியைத் தொட்டதனாலன்றோ இப்பழி நேர்ந்தது என்று யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, கருவிக்கு எட்டிய அளவு வாசித்தலே அமையும் என்று தேற்றினார். அப்பதிகத்திற்கு ‘யாழ்மூரி’ என்பது பெயர்.

இந்நிகழ்ச்சியைச் சமய நோக்கிற் காண்பார் ஒரு பொருள் கூறுவர். கருவியின் அமைப்பை நோக்கிற் காண்பார்க்கும் இதில் ஒரு பொருள் உண்டு. பண்டை யாழ் வில் வடிவினது. பேரியாழ் 21 நரம்பும், சகோடயாழ் 14 நரம்பும், செங்கோட்டியாழ் 7 நரம்பும் உடையன என்பர். ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரத்திற்கு உரியது. தெறித்தால் அச்சுரம் ஒலிக்கும்; ஒரு நரம்பிற்கும் அடுத்த நரம்பிற்கும் இடையிலுள்ள ஒலியை எளிதிற் காட்ட இயலாது. மனிதக் குரலோ படியில் ஏறுவது போன்று செல்வதன்று. நீரில் மீன் நீந்துவது போன்று ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு வளைந்தும் வழுக்கியும் அசைந்தும் செல்வது. இவ்வளைவையும் அசைவையும் நாம் கமகம் என்கிறோம். குரலின் இவ்வியல்பை நரம்பிற்கு எவ்வாறு ஊட்டுவது? யாழ்ப்பாணர் முன் நின்ற அவ்வினாவே, அவருக்குப் பின் நரம்பு தொட்ட ஒவ்வொரு கலைஞர் முன்னும் நின்றது. இன்று கிட்டார் ஏந்தி நிற்கும் மாணவன் முன்னும் நிற்கின்றது.

யாழின் இயல்பை விரிவாக அறிய விரும்புவோர் விபுலாநந்த அடிகளாரின் ‘யாழ் நூல்’ கண்டு தெளிக. 1947ஆம் ஆண்டு சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகளார் மறைந்தார்.

வீணை இவ்வினாவிற்கு ஒரு விடை கண்டது. அதன் தண்டியின்மேல் மெழுகிற் பதித்த 24 மெட்டுகள் உள்ளன. மெட்டு என்பது இங்கே பாட்டின் மெட்டன்று; நரம்பை அழுத்துதற்கு அமைந்த உலோகக் குறுக்குக் கட்டை. ஒரு மெட்டின்மேல் நரம்பை அழுத்தியவாறே பக்கவாட்டில் இழுத்தால் நரம்பின் விறைப்பு மிகும். விறைப்பு மிகின் சுரம் உயரும். இவ்வாறு ஒரே மெட்டிலிருந்து இரண்டு மூன்று சுரங்கள் வரை வீணைக் கலைஞர் இழுத்துக் காட்டுவர். மெட்டே இல்லாத கோட்டுவாத்தியம் மற்றொரு விடை. அதில் ஒரு கட்டையை நரம்பின்மேல் வழுக்கிச் செல்லுதலால் குரலின் குழைவு அப்படியே கிடைக்கும்.

பிற நாட்டுக் கருவிக்கு இதில் இடமில்லை என்பாரும் உளர். அவர்கள் வயலினை மறந்தவர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பியர் வாசித்த வயலினைக் கற்று, நம் இசைக்கு அதனை உரியதாக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்டல் அரிது. மாறாக, ஆர்மோனியத்தின் கதையையும் நோக்குக. அதன் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரே நிலையில் நிற்கும் ஒலியையே தரும். இழுக்கவும் இயலாது, வழுக்கவும் இயலாது. அதுபற்றியே 1940ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. அத்தடை பல்லாண்டுகள் நீடித்தது. அயல் நாட்டிலிருந்து வந்தவை என்னும் அளவில் இரண்டு கருவிகளும் ஒன்றே. ஒன்று குரலைப் பின்பற்றியது. மற்றொன்றால் அஃது இயலவில்லை.

கிட்டார் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதற்கு மெட்டுகள் உண்டு. ஆயினும் நரம்பை இழுக்கலாம். அதன் அமைப்பைச் சிறிது அளந்து பார்ப்போம். கிட்டாரில் கழுத்தின் தலைப்பிலிருந்து குதிரை வரையிலுள்ள நரம்பின் நீளம் பெரும்பாலும் 65 செ.மீ. அளவினது. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் எஞ்சிய நீளம் சரிபாதியாகிய 32.5 செ.மீ.; அங்கே அதே சுரம் ஒரு தாயி உயர்ந்து ஒலிக்கும். ஏழாம் மெட்டிலிருந்து குதிரை வரை 43.4 செ.மீ. இருக்கும். நரம்பின் மூன்றில் இரண்டு பங்கில் பிறப்பது பஞ்சமம். தமிழில் அதனை இளி என்பர். 65-இல் மூன்றில் இரண்டு பங்கு 43.3 செ.மீ. ஆகவே இளி ஏறத்தாழப் பிழையின்றி அமைகின்றது. இனி, நான்காம் மெட்டை அளந்து பாருங்கள், 51.6 செ.மீ. வரும். காந்தாரத்தின் இயற்கையான இடமோ நரம்பின் ஐந்தில் நான்கு பங்கு, அஃதாவது 52 செ.மீ. நான்கு மில்லி மீட்டர் வேறுபாடு! கண்ணுக்கு இது சிறிது. பழகிய செவிக்கு இது பெரிது. எல்லாச் சுருதியிலும் ஒருபடித்தாக வாசித்தற்பொருட்டு மேலைநாட்டார் தாயியைச் சமமான பன்னிரண்டு பகுதிகளாக வகுத்தமையால் நேர்ந்த வேறுபாடு இது. ஆகவே மெட்டு காட்டும் இடத்தை அப்படியே நம்புதல் கூடாது. செவி காட்டும் இடமே உண்மையான இடம்.

கிட்டாரில் தனித்து வாசிப்பது மேலைநாட்டிலும் எளிதில் அமைந்த பேறன்று. ஸ்பெயின் நாட்டு அந்திரேஸ் செகோவியா (1893–1987) உலகெங்கும் சென்று தனிக் கச்சேரி செய்த பின்னரே அக்கருவி பெரிய மன்றங்களில் மதிப்புப் பெற்றது. அமெரிக்க நாட்டு ‘ஜாஸ்’ குழுக்களிலோ தாரைகளின் முழக்கத்தில் அதன் மெல்லொலி அமிழ்ந்து போயிற்று. தாளத்திற்கு மீட்டுவதன்றி வேறு பணி அதற்கு இல்லை. 1930-களில் மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கும் முறை வந்தது. சார்லி கிறிஸ்டியன் என்னும் இளைஞர் 1939-இல் பென்னி குட்மன் குழுவிற் சேர்ந்து, மின் கிட்டாரில் ஊதுகருவிகளுக்கு ஈடாகத் தனித்து வாசித்தார். மூன்றே ஆண்டுகளில், இருபத்தைந்து வயதில், அவர் மறைந்தார். அவர் வகுத்த வழியோ மறையவில்லை. அவர்க்குப் பின் புகழ்பெற்ற பி. பி. கிங் (1925–2015) பாடும்பொழுது கிட்டாரை வாசிக்கமாட்டார். தாம் ஓர் அடி பாடி நிறுத்துவார். அடுத்த அடியைக் கிட்டார் பாடும். நரம்பை இழுத்து நடுங்கச் செய்து அவர் எழுப்பும் ஒலி மனிதர் தேம்புவது போலவே இருக்கும். வீணையிற் கண்ட அதே நுட்பத்தை, வீணையைச் சாராமலே, வேறொரு நாட்டார் தம் துயரப் பாட்டிலிருந்து கண்டுகொண்டனர். குரலைப் பின்பற்ற வேண்டும் என்னும் வேட்கை எங்கும் ஒன்றுபோலும்!

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார்த் தேர்விலும் தேறியவர். 1982-இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ என்னும் படத்தில் அவர் அமைத்த ‘இளைய நிலா’ பாடலின் கிட்டார் இசையை அறியாத தமிழ் மாணவன் இரான். இராணிப்பேட்டையிற் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பற் பொறியியல் கற்ற பிரசன்னா, கருநாடக இசைக் கீர்த்தனைகளையே கிட்டாரில் வாசித்து வருகின்றார்.

அண்மையில் இவ்வட்டத்து மாணவன் ஒருவன் மேற்கூறிய ‘இளைய நிலா’ இசையை என் முன் வாசித்துக் காட்டினான். விரல்கள் பிழையின்றி ஓடின. “தம்பி, நன்று. இப்பொழுது இதனையே வாயாற் பாடிக் காட்டு” என்றேன்.

அவன் திகைத்து, “ஐயா, எனக்கு வாசிக்கத்தான் தெரியும், பாடத் தெரியாதே!” என்றான்.

“நல்ல குரல் வேண்டியதில்லை. ‘தன்னா தனனா’ என்று சுரத்தை மட்டும் காட்டினாற் போதும்.”

முதலடி வந்தது, இரண்டாம் அடியில் மயங்கி நின்றான். கைப்பேசியின் திரையில், ஆறு கோடுகளும் அவற்றின்மேல் மெட்டின் எண்களும் எழுதிய குறிப்பைக் கண்டே அவன் கற்றிருந்தான். கிட்டார் பயில்வோர் அதனை ‘டேப்’ என்பர். எந்த நரம்பு, எந்த மெட்டு என்பதை அது காட்டும். எங்கே மூச்சு விடுவது, எந்தச் சுரத்தை நோக்கி எது சாய்கின்றது என்பவற்றை அது காட்டாது. அக்குறிப்பைப் பழித்தல் என் கருத்தன்று. நம் சுரக்குறிப்பிற்கும் அக்குறை உண்டு. அது கருதியே சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமகங்களுக்கெனத் தனி அடையாளங்களை வகுத்தார். அவ்வடையாளங்களைக் கண்டு வாசிப்பவரும் அப்பாட்டை முன்பே கேட்டிருத்தல் நன்று.

மண்டலின் ஸ்ரீநிவாஸ் கற்ற வரலாற்றை இவ்விடத்திற் கூறுதல் தகும். அவர் 1969-இல் ஆந்திர நாட்டுப் பாலகொல்லுவிற் பிறந்தார். மண்டலினும் கிட்டாரைப் போன்றே மெட்டுகளையுடைய மேலைக் கருவி, கிட்டாரினும் சிறியது. அவருக்கு இசை கற்பித்த ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர், தேர்ந்த பாடகர். ஆயின் அவருக்கு மண்டலின் வாசிக்கத் தெரியாது! ஆசிரியர் பாடுவார், சிறுவன் அதனைக் கேட்டுத் தன் கருவியில் தேடிக் கண்டுபிடிப்பான். எந்த விரலை எங்கே வைப்பது என்று சொல்லித் தருவார் எவருமிலர். குரல் எங்கே வளைந்ததோ அங்கே நரம்பும் வளைந்தாக வேண்டும். அதற்கு வழியை அச்சிறுவனே காண வேண்டும். வழக்கமான மண்டலினின் நான்கு இரட்டை நரம்புகள் கமகத்திற்கு இடையூறாக இருந்தமையால், ஐந்து ஒற்றை நரம்புகளையுடைய மின் மண்டலினை அவர் மேற்கொண்டார். ஒன்பது வயதில் கச்சேரி செய்தார். பன்னிரண்டு வயதில் சென்னை இசைவிழாவில் அரங்கேறினார். 2014-இல், நாற்பத்தைந்து வயதில், மறைந்தார். கருவி தெரிந்த ஆசிரியர் கிடைத்திருந்தால் அவர் இன்னும் விரைவிற் கற்றிருப்பார் என்று சிலர் கூறக்கூடும். விரைவிற் கற்றிருக்கலாம், அவ்வாறு வாசித்திருப்பாரோ என்பது ஐயமே.

இனி, கற்கும் முறையைக் காண்போம். கிட்டாரின் ஆறு நரம்புகளுக்கும் தடித்ததிலிருந்து முறையே ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ எனச் சுருதி கூட்டுவர். ஐந்தாம் மெட்டில் அழுத்திய ஒரு நரம்பின் ஒலியும் அடுத்த நரம்பின் வெற்றொலியும் ஒன்றாகும். ஜி நரம்பில் மட்டும் நான்காம் மெட்டு. ஆயின் தொடக்கத்தில் ஆறு நரம்பையும் ஓடித் திரிதல் வேண்டா. ஒரே நரம்பில், ஒரே விரலால், தெரிந்த பாட்டு ஒன்றைத் தேடுக. தாலாட்டாயினும் ஆகுக, கோயிலிற் கேட்ட பதிகமாயினும் ஆகுக. முதலில் ஓர் அடியைப் பாடுக. பின் அதனை நரம்பிற் காண்க. பின் பாடிக்கொண்டே வாசிக்க. மூச்சு முடியும் இடத்தில் விரலும் நிற்கட்டும். ஊதுகருவியாளர்க்கு மூச்சு இயல்பாகவே எல்லை வகுக்கும். நரம்புக் கருவியாளர்க்கு அவ்வெல்லை இல்லை. அதனாலேயே பலர் ஓயாது ஓடுகின்றனர். கேட்போர்க்கு மூச்சு முட்டுகின்றது.

ஐந்து சுரங்களால் அமைந்த பண்ணைப் பண்டைத் தமிழர் ‘திறம்’ என்றனர். மேலைநாட்டுக் கிட்டார் ஆசிரியர் தனி வாசிப்பிற்கு முதற்கண் கற்பிப்பதும் ஐந்து சுர வரிசையே. அது நம் சுத்த தன்யாசியின் சுரங்களைக் கொண்டது என்பதைக் கேட்டால் மாணவர் வியப்பர்: ச, க, ம, ப, நி. இவ்வரிசையில் ஏறியும் இறங்கியும் பழகிய பின், ஒன்று விட்டும் இரண்டு விட்டும் செல்லப் பழகுக. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் யாழ் வாசிப்பின் எண்வகைத் தொழில்களுள் ஒன்றாக ‘உறழ்தல்’ கூறப்படுகின்றது. ஒன்றிடையிட்டும் இரண்டிடையிட்டும் நரம்புகளை ஆராய்தலே அஃது என்பது உரை. மாதவியின் விரல்கள் செய்த அப்பயிற்சியையே இன்றைய கிட்டார்ப் பாடநூல்களும் வேறு பெயரால் வகுக்கின்றன.

ஓர் இராகத்தின் உருவைக் காட்டும் சிறு சுரத்தொடரை நம் இசைவாணர் ‘பிடி’ என்பர். கிட்டார்க் கலைஞர் ‘லிக்’ என்பதும் ஏறத்தாழ அதுவே. பிடிகளைப் பலரிடமிருந்து கேட்டுச் சேர்க்கலாம். சேர்த்தவற்றை அடுக்கி வைப்பது மட்டும் தனி வாசிப்பாகாது. பழமொழிகளை மட்டும் அடுக்கிப் பேசுவானை நாம் பேச்சாளன் என்பதில்லை அன்றோ? ஒரு பிடியை எடுத்து, முதற்சுரத்தை மாற்றியும், இறுதியை நீட்டியும், தாளத்தில் அரை எண்ணிக்கை தள்ளித் தொடங்கியும் பார்க்க வேண்டும். அவ்வாறு ஒரு திங்கள் ஒரே பிடியோடு வாழ்ந்தவனுக்கு அஃது அவனுடைய சொல்லாகிவிடும். கைப்பேசியில் ஓர் இசையைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கும் வசதி இந்நாளில் உண்டு. முற்காலத்து மாணவர்க்கு வாய்க்காத பேறு இது.

நரம்பை இழுக்கும் பயிற்சியைத் தனியே செய்தல் வேண்டும். மெல்லிய நரம்புகளில், ஏழாம் மெட்டில் ஒரு சுரத்தை மீட்டுக. பின் ஒன்பதாம் மெட்டை மீட்டி, அவ்வொலியைச் செவியிற் பதித்து, வாயாலும் பாடுக. பின் மீண்டும் ஏழாம் மெட்டில் அழுத்தி, நரம்பைப் பக்கவாட்டில் தள்ளி, பாடிய அவ்வொலியை எட்டுமாறு உயர்த்துக. ஒரு விரலின் வலிமை போதாது. அழுத்தும் விரலுக்குப் பின்னுள்ள விரல்களும் அதே நரம்பைத் தாங்கித் தள்ளட்டும். இழுப்பது சுரத்தை உயர்த்துமேயன்றித் தாழ்த்தாது. ஆகவே மேலிருந்து கீழ் வழுக்க வேண்டுமாயின், முன்னரே இழுத்து வைத்து மீட்டி, மெல்லத் தளர்த்துதல் வேண்டும். வீணையிலும் இறங்கும் கமகங்கள் பல இவ்வாறே பிறக்கின்றன. முதற் சில வாரங்கள் விரல்நுனி நோகும், பின் காய்த்துவிடும்.

தமிழிசையின் ஏழு சுரங்களுக்கு நம் முன்னோர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிட்டனர். யாழ் நரம்புகளையும் இப்பெயர்களாலேயே அழைத்தனர். முதல் நரம்பிற்கு அவர்கள் இட்ட பெயர் ‘குரல்’ என்பதை நோக்குக. கிட்டாரில் அந்நரம்பு எதுவென்பது வாசிப்பவன் கொள்ளும் சுருதியைப் பொறுத்தது. அவன் தன் குரலுக்கு இயைந்த சுருதியை முதலிற் கண்டு, அதனைக் கருவியில் குறித்துக்கொண்டு தொடங்குவது எளிது. இழுத்துப் பயின்ற நரம்பு விரைவில் தளரும்; கோடைப் பகலில் இன்னும் விரைவில் தளரும். ஆகவே ஒவ்வொரு பிடியையும் பயின்று முடித்தவுடன் முறுக்காணியைத் திருகிச் சுருதியைச் சரிபார்த்துக்கொண்டே அடுத்ததற்குச் செல்லுதல் வேண்டும்.